புற்றுநோயும் உழைப்பாளி மக்களும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில், அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் டாக்டர்கள் அல்ல. டாக்டராவதற்குப் படித்துக் கொண்டிருப்பவர்கள். எங்களில் சிலர் படிப்பை முடித்து வார்டில் பயிற்சி பெற்று வருபவர்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எங்களில் உண்டு. நாற்று நட்டுக் களையெடுக்கும் தாய்மார்களின் பிள்ளைகளும் உண்டு. நுழைவுத் தேர்வுக்கு லட்சக்கணக்கில் கொட்டித் தனிப் பயிற்சி பெறும் வசதி உள்ளவன் வீட்டுப் பிள்ளைதான் டாக்டராகலாம் என்ற நிலைமையில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் 2020-ஆம் வருஷம் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் எங்களில் பலர் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாது. ஆகவே உங்கள் முன்னால் பேசுவது எங்களுக்குச் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலத்தான்.

புற்றுநோயைப் பற்றிச் சொல்லுங்கள் என்று சங்கத் தோழர்கள் கேட்டார்கள். கிராமங்களில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே ஜனங்கள் அஞ்சுகிறார்கள். 'ஆறாத புண்' என்கிறார்கள், 'அந்த வியாதி' என்கிறார்கள். போன ஜன்மத்துப் பாவம், தலையெழுத்து என்று பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வது வேறு. நூறு பேருக்கு இந்த நோய் வந்தால், அதில் 30 முதல் 50 பேருக்கு வராமலே தடுத்திருக்க முடியும் என்கிறது. தலையெழுத்து என்றால் பாதியை எப்படி அழிக்க முடியும்? வயதாலும் பிறவிக் கூறுகளாலும் காரணம் தெரியாமலும் வருகிற புற்று உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. இன்று நாம் பேசப் போவது அந்த மற்றப் பாதியைப் பற்றி.

பஞ்சாலைத் தோழர்கள் கேட்டிருக்க வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 'மியூல்' என்ற நூற்பு யந்திரம் ஓடியது. கதிர்கள் பொருத்திய வண்டி முன்னும் பின்னும் போய்வரும். நூற்பவர் அதன் மேல் குனிந்து அறுந்த இழையை ஒட்டுவார். சுழலும் கதிர்களிலிருந்து எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்து அவருடைய கால்சட்டையின் தொடைப் பகுதியை நனைக்கும். இருபது முப்பது வருஷம் இப்படி வேலை செய்தவருக்கு விதைப்பையில் ஒரு சிறு மரு தோன்றும். மரு புண்ணாகும். புண் புற்றாகும். வெட்கத்தினால் வெளியே சொல்லாமல் இருந்து பலர் மாண்டார்கள். மாஞ்செஸ்டர் நகரத்து வைத்தியர்கள் சௌதம், வில்சன் இருவரும் 1922-இல் இதை எடுத்து எழுதினார்கள். குற்றவாளி அந்தக் கனிம எண்ணெய் என்று பிறகு தெளிவாயிற்று. தீங்கு குறைந்த சுத்திகரித்த எண்ணெயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி எப்போது வந்தது? 1953-இல். நடுவில் 31 வருஷம். அந்த ஆலைகளின் துணிதான் நம் நாட்டுச் சந்தையில் வந்து குவிந்து நம் கைத்தறியை நசுக்கியது என்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம். அங்கே நூற்றவனும் வாழவில்லை, இங்கே நெய்தவனும் வாழவில்லை.

இதற்கும் முந்தின கதை, லண்டனில் புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைத்த சிறுவர்களுடையது. அவர்களுக்கும் அதே இடத்தில் புற்று வந்தது. கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற வைத்தியர் 1775-இல் எழுதினார். சிறுவர்களைப் புகைபோக்கியில் ஏற்றும் கொடுமையை நிஜமாகவே முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 1875-இல் வந்தது. சரியாக நூறு வருஷம்! விஞ்ஞானம் தெரிந்துவிட்டால் போதும், நோய் தானே ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு கணக்குகளையும் பார்க்க வேண்டும்.

சரி, நம் ஊர் ஆலைக்கு வருவோம். இங்கே மியூல் கிடையாது. ஆனால் யந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற தோழர்களும் பிட்டர்களும் எண்ணெய்த் துணியை இடுப்பில் செருகிக் கொள்கிறார்கள். அதைச் செய்யக் கூடாது. எண்ணெய் ஊறிய உடுப்பை அன்றன்றே மாற்ற வேண்டும். ஷிப்டு முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் வேண்டும். சோப்பும் தண்ணீரும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை, தயவல்ல. பஞ்சுத் தூசியைப் பற்றிப் பல தோழர்கள் கேட்டார்கள். வார விடுமுறை கழித்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகி மூச்சுத் திணறுகிறதே, அது பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய். அது புற்றுநோய் அல்ல. புற்றல்ல என்பதால் அலட்சியம் செய்யவும் கூடாது; அது நஷ்டஈட்டுக்கு உரிய தொழில் நோய்.

சாயப்பட்டறைத் தோழர்கள் மூத்திரப்பையைக் கவனிக்க வேண்டும். சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு அங்கே புற்று வருவதை ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ரேன் என்ற வைத்தியர் 1895-இலேயே கண்டு சொன்னார். பென்சிடின் போன்ற ரசாயனங்கள்தான் காரணம். இந்தியாவில் இவ்வகைச் சாயங்களுக்குத் தடை வந்தது 1990-களில்தான். அதிலும், இந்தச் சாயம் தோய்த்த துணி வேண்டாம் என்று 1994-இல் ஜெர்மனி சொன்ன பிறகுதான் ஏற்றுமதி முதலாளிகளுக்குத் தூக்கம் கலைந்தது. உடுத்துகிறவன் தோலுக்குக் கிடைத்த மரியாதை, தொட்டியில் கைவிடுகிறவன் தோலுக்கு அதுவரை கிடைக்கவில்லை. இந்த வேலையில் இருந்தவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும்.

பிறகு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஆலைக் கூரையிலும் இருக்கிறது, நம் குடிசைகளின் மேலும் இருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. நம் நாடு வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொண்டிருக்கிறது. உடையாத ஷீட்டின் கீழே குடியிருப்பதைவிட, அதை அறுப்பதும் துளைபோடுவதும் உடைப்பதும்தான் பெரிய ஆபத்து. அந்தத் தூளில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலில் குத்தி நின்று, இருபது முதல் நாற்பது வருஷம் கழித்துப் புற்றாக வெளிப்படும். அதற்குள் கம்பெனி மூடியிருக்கும், மஸ்டர் ரோல் கரையான் தின்றிருக்கும். இதனால்தான் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வு பெற்றபின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-இல் தீர்ப்பளித்தது. ஷீட்டை அறுத்தே ஆக வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, வெட்டவெளியில், கைரம்பத்தால் அறுங்கள். மின்சார ரம்பம் வேண்டாம்.

வயலில் பூச்சிமருந்து அடிக்கும் தோழர்களே, எல்லா மருந்தும் புற்றுநோய் தரும் என்று நாங்கள் பயமுறுத்த வரவில்லை. ஒவ்வொரு மருந்தைப் பற்றியும் விஞ்ஞானிகள் தனித்தனியாக ஆராய்ந்து வருகிறார்கள். ஒருகாலத்தில் வயலில் தாராளமாகத் தூவிய லிண்டேன், மனிதருக்கு ரத்தத்தோடு சேர்ந்த நிணநீர்ப் புற்றைத் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2015-இல் முடிவு கட்டியது. மருந்தை வாங்குகிறவன் வரப்பில் நிற்கிறான், டேங்க்கை முதுகில் சுமக்கிறவன் நனைகிறான். கையுறையும் முகமூடியும் மாற்றுடுப்பும் கூலிப் பேச்சில் சேர வேண்டிய கோரிக்கைகள்.

இப்போது எங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவ மாணவர் என்றால் வெள்ளைக்கோட்டும் கழுத்துக் கருவியும்தான் வெளியே தெரிகிறது. முதல் வருஷம் நாங்கள் பழகுவது பிணங்களோடு. உடற்கூறு சாலையில் சடலம் கெடாதிருக்கப் பார்மலின் ஏற்றுவார்கள். கண் எரியும், மூக்கு எரியும், சாப்பிடும் கையில் அந்த வாடை மாலை வரை இருக்கும். அந்தப் பார்மலின் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 2004-இல் அதே ஆராய்ச்சி ஸ்தாபனம் அறிவித்தது. நாங்கள் அங்கே நிற்பது ஒரு வருஷம். சடலங்களைத் தூக்கி, கழுவி, தொட்டியில் இறக்கும் ஊழியர் முப்பது வருஷம் நிற்கிறார். காற்றை வெளியேற்றும் விசிறியைப் பழுது பாருங்கள் என்று மாணவர்களும் ஊழியர்களும் சேர்ந்து மனுக் கொடுத்த பிறகுதான் அது சுழன்றது. 'மாணவர்களுக்கும் ஊழியருக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஓர் அதிகாரி கேட்டார். ஒரே காற்றைத்தானே சுவாசிக்கிறோம், வேறென்ன சம்பந்தம் வேண்டும்!

வார்டுக்கு வந்தபின், ஒரே மூச்சில் 36 மணி நேரம் வேலை பார்ப்பது பயிற்சிக் காலத்தில் சாதாரணம். ரத்தம் எடுப்பது, அதைப் பரிசோதனைச் சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஆள் இல்லாத நேரத்தில் தள்ளுவண்டி தள்ளுவது எல்லாம் எங்கள் தலையில். தூக்கக் கலக்கத்தில் ஊசி விரலில் ஏறும். அதன் வழியே ஹெபடைடிஸ்-பி என்ற கல்லீரல் கிருமி வரலாம். கல்லீரல் புற்றுக்கு அது ஒரு முக்கியமான காரணம். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை. தைவான் 1984-இலேயே பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிப் பிள்ளைகளின் கல்லீரல் புற்றைப் பாதியாகக் குறைத்துக் காட்டியது. நம் நாட்டில் எல்லா மாநிலக் குழந்தைகளுக்கும் அது வந்து சேர 2011 ஆயிற்று. ஆஸ்பத்திரிக் குப்பையில் கிடக்கும் ஊசிகளைக் கையால் பொறுக்கும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று கேட்பாரில்லை. இது நம் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

எங்கள் பாடம் முழுவதும் இங்கிலீஷில். நோயாளி பேசுவது தமிழில். நோயாளியின் கேஸ் ஷீட்டில் பெயர், வயது என்ற கட்டங்களோடு 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நூறு நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, அந்தக் கட்டத்தில் விழும் சொல் பெரும்பாலும் ஒன்றே: 'கூலி'. என்ன கூலி? சாயத் தொட்டியா, ஷீட் அறுப்பா, பீடி சுற்றலா, மருந்தடிப்பா, கல் உடைப்பா? காகிதம் பேசாது. இத்தாலியில் ராமாஸினி என்ற வைத்தியர் 1700-ஆம் வருஷமே ஒரு புத்தகம் எழுதி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்குப் பிறகும் நம் ஆஸ்பத்திரியில் பதில் 'கூலி'யோடு நின்றுவிடுகிறது. இதில் வெறும் எழுத்துக் குறை மட்டும் இல்லை. தொழிலால் வந்த தோல் புற்றும் ஆஸ்பெஸ்டாஸ் புற்றும் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொழில் நோய்ப் பட்டியல் உண்டு. ஆனால் தொழிலே எழுதப்படாத காகிதத்தை வைத்துக்கொண்டு எந்தத் தொழில் நோயை நிரூபிப்பது? ஆகையால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்: இன்ன ஆலை, இன்ன பிரிவு, இத்தனை வருஷம். எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள்.

தொழிலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் புகையிலையைப் பற்றி மென்று விழுங்கினால் அது நேர்மையாகாது. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றில் வாய்ப் புற்று முன்வரிசையில் நிற்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் வாயில் அடக்கும் புகையிலை. பீடி சின்னது, தீங்கும் சின்னது என்று நினைக்க வேண்டாம். அணைந்து போகாமல் இருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டும், அதில் தார் அதிகம். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்று 2004-இல் முடிவாயிற்று. தாம்பூலம் நம் பழக்கம்தான். விசேஷத்தன்று ஒரு தடவை போடுவதும், நாள் முழுதும் கடைவாயில் அடக்கி வைப்பதும் ஒன்றல்ல.

நாங்கள் உங்களைத் திட்ட வரவில்லை. மூன்றாம் ஷிப்டில் கண்ணை இழுக்கும்போது தொழிலாளி புகையிலையை அடக்குகிறார். காலைக் கஞ்சியோடு நாள் முழுதும் குனிந்து நடும் பெண் பசி தெரியாதிருக்க அடக்குகிறார். இதை அறியாத வைத்தியர்தான் 'கெட்ட பழக்கம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். குட்காவைத் தமிழ்நாட்டில் 2013-இல் தடை செய்தார்கள். பெட்டிக்கடையில் அது கைக்குக் கை மாறுவது உங்களுக்குத் தெரியும். புகையிலையோடு சாராயமும் சேர்ந்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றிலும் அபாயம் பல மடங்கு. அந்தச் சாராயத்தைச் சில்லறைக் கடையில் விற்பது 2003 முதல் சர்க்காரே! ஒரு கையால் விற்று, மறு கையால் புற்றுநோய் வார்டைத் திறந்து வைக்கிறார்கள். ஆனாலும் தோழர்களே, சர்க்கார் திருந்தும்வரை நம் வாய் காத்திருக்காது. விட்டவர்களுக்கு அபாயம் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு.

வாய்ப் புற்று ஒளிந்து வரும் நோயல்ல. வாயைத் திறந்தால் தெரியும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் தாங்காத எரிச்சல், கழுத்தில் கட்டி. உங்கள் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் பாக்கினால் வாய்ச்சதை இறுகிவிட்டது என்று அர்த்தம். திருவனந்தபுரம் வட்டாரத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996 முதல் ஒரு பெரிய சோதனை நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்! புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு நூற்றுக்கு 34 குறைந்தது என்று 2005-இல் முடிவு வெளியாயிற்று. யந்திரமில்லை, கோடி ரூபாய்க் கட்டடமில்லை.

தாய்மார்களுக்கு இதைவிடப் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு, திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து. கருப்பைவாய்ப் புற்று ஹெச்.பி.வி. என்ற கிருமியால் வருகிறது. இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்தியத்தின் வழியே யாருக்கும் தொற்றக்கூடிய சாதாரணக் கிருமி அது. ஆகவே இந்த நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசும் வாய்களை நாம் அடைக்க வேண்டும். திண்டுக்கல்லில் 2000-ஆம் வருஷம் தொடங்கி, 57 கிராமத் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் சோதித்தார்கள். கருப்பைவாயில் 4 சதவீதக் காடித் திராவகத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். அங்கேயே குளிரூட்டி உறையவைத்து அழித்துவிடலாம். ஒரே ஒரு தடவை செய்த இந்தச் சோதனையால் அந்த நோயின் சாவு நூற்றுக்கு 35 குறைந்தது. 2007-இல் லண்டன் மருத்துவப் பத்திரிகை அதை வெளியிட்டது. நம் ஊர் நர்ஸுகள், நம் ஊர்ப் பெண்கள்! எங்கள் கல்லூரியில் சிலர் இதை இங்கிலீஷ் புத்தகத்தில் படித்த பிறகுதான் அறிந்தோம் என்பது வேறு விஷயம்.

இன்று இந்தச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் பெண்கள் ஏன் வருவதில்லை? அரைநாள் கூலி போகும். மேஸ்திரி முகம் சுளிப்பார். மறைப்பில்லாத அறை, வெட்கம். இவற்றுக்கு வழி செய்யாமல் 'விழிப்புணர்ச்சி இல்லை' என்று பெண்கள் மேல் பழி போடுவது அதிகாரவர்க்கத்துக்குச் சுலபமாக இருக்கிறது.

அந்தக் கிருமிக்குத் தடுப்பூசியும் உண்டு. பூட்டானும் ருவாண்டாவும் 2010, 2011 வருஷங்களில் தங்கள் பெண் பிள்ளைகளுக்கு அதைக் கொண்டு சேர்த்தன. நம் நாட்டில் என்ன நடந்தது? ஓர் அமெரிக்க ஸ்தாபனம் 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இந்த ஊசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டது. கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்தில்லாமல் வார்டன்கள் கையெழுத்திட்டார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கண்டித்தது. ஊசியில் குறையில்லை, ஏழையின் சம்மதம் தேவையில்லை என்ற திமிரில்தான் குறை. அந்தத் திமிர் விதைத்த அவநம்பிக்கையால் எத்தனை வருஷங்கள் வீணாயின! மத்திய நிதியமைச்சர் 'ஊக்குவிப்போம்' என்று பட்ஜெட்டில் சொன்னது 2024 பிப்ரவரியில். பள்ளிக்கூடத்தில் இந்த ஊசி போடும்போது, பெற்றோர் விளக்கம் கேளுங்கள், உங்கள் கையெழுத்தை நீங்களே போடுங்கள், பிள்ளைக்குப் போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் அட்டை இருக்கிறதே என்று ஒரு தோழர் கேட்டார். இருக்கட்டும், அது வேண்டியதுதான். 2009 முதல் இவ்வகைத் திட்டங்கள் நம் மாநிலத்தில் நடக்கின்றன. பல உயிர்களுக்கு உதவியிருக்கின்றன. ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தபின் அந்த அட்டை பேசும். பணத்தின் ஒரு பங்கு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். மூன்று வாரப் புண்ணை டார்ச் அடித்துப் பார்க்கிற நர்ஸுக்கு எந்த இன்ஷூரன்ஸும் பணம் கட்டுவதில்லை. மருத்துவப் படிப்பிலும் இதே கணக்குத்தான். 1946-இல் போர் கமிட்டி, நோய் வருமுன் தடுக்கும் சமூக மருத்துவர்களை உருவாக்க வேண்டும், அதற்கு மூன்று மாதம் தனிப் பயிற்சி வேண்டும் என்று சொன்னது. இன்று அந்தப் பாடத்தை எடுத்துப் படிக்கிறேன் என்று சொல்லும் மாணவனை 'வேறு சீட் கிடைக்கவில்லையா?' என்று கேட்கிறார்கள்.

சங்கத்தோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த சம்பள நாளுக்கு மறுநாள் மாலை, ஷிப்டு மாறும் நேரத்தில், எங்களில் எட்டுப் பேர், அவர்களில் நான்கு பெண்கள், பல் மருத்துவர் ஒருவரோடு சங்க அலுவலகத்துக்கு வருகிறோம். ஆளுக்கொரு டார்ச் லைட்டும் நாக்கை அமுக்கும் குச்சியும் போதும். ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் அவர் செய்த வேலைகளை வருஷவாரியாக ஒரு நோட்டில் எழுதுவோம். அந்த நோட்டு சங்கத்திலேயே இருக்கும். சந்தேகமான புண் தென்பட்டால், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்கு நாங்களே கூட வருவோம். அன்றைய கூலியைச் சங்க நிதியிலிருந்து தருவதாகத் தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாய்மார்களுக்கான சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறோம். மறைப்புக்குத் திரை தைக்க இரண்டு சேலை வேண்டும். வருகிறவர்கள் வெற்றிலை போட்டிருந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள். சிவப்பில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.